நெடுந்தூர டிரையத்லான்: புத்தகம் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பயிற்சிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நீச்சல் முடிந்து தலையைத் துவட்டும்போதே பையிலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துக் காட்டினார். ஒன்றில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள், மற்றொன்றில் பச்சை. "இதிலிருந்து திட்டம், அதிலிருந்து இதயத் துடிப்பு ஜோன் கணக்கு எடுத்திருக்கிறேன் சார்" என்றார் பெருமையாக. எனக்குக் கணைக்கால் வலித்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நெடுந்தூர டிரையத்லான் என்றால் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. இதற்குப் புத்தகத்தை வைத்துத் தயாராக முடியும்; நானும் அப்படித்தான் தயாரானேன். அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

முதல் வாரத்தைப் பார்த்து வாங்குவது

எந்தத் திட்டமும் முதல் வாரத்தில் பரமசாதுவாக இருக்கும். பந்தயத்துக்கு நான்கைந்து வாரம் முந்தைய பக்கத்தைத் திருப்புங்கள். சனிக்கிழமை ஆறு மணி நேர சைக்கிள், ஞாயிறன்று இரண்டரை மணி நேர ஓட்டம் என்று அங்கேதான் சுயரூபம் தெரியும். வார நாள் பயிற்சிகளையும் சேர்த்துக் கூட்டுங்கள். 18 மணி நேரம் வருகிறது, உங்களால் ஒதுக்க முடிந்தது 11 என்றால் கீழே வைத்துவிடுங்கள். அந்த வாரம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வாரம் வரும்போது அவர்களைத்தான் காணோம்.

ஒன்றின் திட்டம், இன்னொன்றின் ஜோன்

கணைக்கால் கதை இதுதான். என் முதல் பந்தயத்துக்கு ஒரு புத்தகத்தின் திட்டத்தைப் பின்பற்றினேன். அதில் நீண்ட ஓட்டங்கள் எல்லாம் 'ஜோன் 2' என்றே போட்டிருந்தது. ஜோன் என்பது இதயத் துடிப்பை வைத்து உழைப்பைப் படிகளாகப் பிரிக்கும் கணக்கு. அதற்கான அட்டவணை அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் பொடி எழுத்தில் இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. கையில் இருந்த வேறொரு புத்தகத்தில் அட்டவணை அழகாக, வண்ணத்தில் இருந்ததால் அதை எடுத்துக்கொண்டேன். ஜோன் 2 எங்கே போனாலும் ஜோன் 2தானே என்று நினைத்தேன்.

இல்லை. என் அதிகபட்சத் துடிப்பு அப்போது நிமிடத்துக்கு 182. திட்டம் இருந்த புத்தகம் அதிகபட்சத்தில் 60 முதல் 70 சதவீதத்தை ஜோன் 2 என்றது. எனக்கு அது 109 முதல் 127. வண்ணப் புத்தகமோ அதிகபட்சத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடும் உழைப்பின் துடிப்பை, அதாவது திரெஷோல்டை, அளவுகோலாக வைத்து அதில் 85 முதல் 89 சதவீதம் என்றது. என் திரெஷோல்ட் 165. ஆக 140 முதல் 147. பெயர் ஒன்று, மேல் எல்லையிலேயே இருபது துடிப்பு வித்தியாசம். நிதானமாக ஓடச் சொன்ன நாட்களில் எல்லாம் நான் அந்தத் திட்டத்தின் மூன்றாம் ஜோனில், சில சமயம் நான்காவதின் வாசலில் ஓடிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு வாரம். காலையில் எழும்போது 52 இருந்த துடிப்பு 60 ஆனது. உடம்பு பழகுகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கணைக்கால் எலும்பில் கீறல் என்றார் மருத்துவர். நுழைவுக் கட்டணம் போயிற்று, ஏழு மாத விடியற்காலைத் தூக்கம் போயிற்று. கீறல் ஆறிவிட்டது, எரிச்சல் இன்னும் ஆறவில்லை. வேகமாக ஓடியதற்காகக்கூட இல்லை, ஒரு பின்னிணைப்பைப் படிக்கச் சோம்பியதற்காக.

இப்போது கைக்கடிகாரம் வேறு நடுவில் புகுந்திருக்கிறது. நீங்கள் மாற்றாதவரை பல கடிகாரங்கள் 220இலிருந்து வயதைக் கழித்துத் தாமாகவே ஒரு ஜோன் கணக்கு போட்டுக்கொள்ளும். அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் தவறலாம். ஆகவே திட்டம் எந்தப் புத்தகத்திலோ, அதன் அட்டவணையையும் அது சொல்லும் சோதனையையும் பின்பற்றி, அந்த எண்களையே கடிகாரத்தில் ஏற்றுங்கள். எத்தனை ஜோன், எதன் சதவீதம் என்று தெளிவாகச் சொல்லாத புத்தகத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

புதியவரிடம் அவருடைய பச்சைப் புத்தகத்தின் ஜோன் எதன் சதவீதம் என்று கேட்டேன். புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

வீரர்களின் சுயசரிதையைப் பயிற்சி நூலாக எண்ணுவது

படுக்கையில் படியுங்கள். அதோடு சரி.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்பது

வேகமும் ஓய்வும் மாறிமாறி வரும் இடைவெளிப் பயிற்சிக்கு வயதாவதில்லை. உணவும் நீரும் பற்றிய அத்தியாயத்துக்கு வயதாகிறது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1996இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயிறு தாங்கும் அளவுக்கு நீர் குடிக்கச் சொன்னது. 2007இல் அதைத் திருத்தி, அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தாகக் குறையும் என்று எச்சரித்தது. மாவுச்சத்தும் அப்படியே: மணிக்கு 60 கிராம் என்பதே உச்சம் என்று பழைய நூல்கள் சொல்லும். குளுக்கோஸுடன் ஃபிரக்டோஸ் கலந்தால், குடலைப் பழக்கியவர்கள் 90 கிராம் வரை எடுக்கலாம் என்பது பின்னால் வந்த தெளிவு. பழைய பதிப்பை வாங்கினால் அந்த அத்தியாயத்தை மட்டும் புதிதாக வேறெங்காவது படியுங்கள்.

நீச்சலைப் படத்தைப் பார்த்துக் கற்பது

படத்தில் இருப்பவரின் முழங்கை, சரியான நீச்சலில் இருக்கவேண்டியபடி, உயரமாகத்தான் இருக்கும். உங்களுடையதைக் கரையில் நிற்கும் ஒருவரிடம் படமெடுக்கச் சொல்லிப் பாருங்கள்.