அக்கியைத் தோல் நோய் என்று எண்ணுவதும், அதுபோன்ற வேறு சில தவறுகளும்

விலாவின் ஒரு பக்கத்தில் பட்டை போல எரிச்சல் தொடங்கி, சில நாட்களில் அதே இடத்தில் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பினால், குயவர் வீட்டுக்குச் சென்று காவிமண்ணால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. கொப்புளங்கள் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தாமாகவே ஆறிவிடுவதால், எழுதியதால்தான் ஆறியது என்ற நம்பிக்கையும் நிலைத்துவிட்டது. எழுதுவதை நான் குறை கூறவில்லை; அதற்காகக் காத்திருப்பதையே தவறென்கிறேன். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. அந்த மூன்று நாட்கள் காவி பூசுவதிலேயே கழிந்துவிடுகின்றன.

அக்கி தோலில் தோன்றினாலும் தோலில் பிறப்பதன்று. சிறுவயதில் சின்னம்மை தந்த அதே வைரஸ், அம்மை இறங்கிய பின்பும் உடலை விட்டு நீங்காமல், முதுகுத்தண்டின் ஓரத்திலும் தலையிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ எதிர்ப்பாற்றல் தளரும்போதோ அது விழித்து, அந்த ஒரு நரம்பின் இழைகள் வழியாகவே தோலுக்கு இறங்குவதால்தான், நோய் உடலின் நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரு பக்கமாக நிற்கிறது. மருந்து பெருகும் வைரஸைத்தான் தடுக்குமே தவிர, உறங்குவதை அகற்றாது. ஆகவே ஒருமுறை குணமானவருக்கு மீண்டும் வராது என்பதற்கில்லை. 50 வயதைக் கடந்தவர்கள் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பது நல்லது.

புண் ஆறியபின் நீடிக்கும் வலியை மனப்பிரமை என்று வீட்டார் ஒதுக்குவது இன்னொரு தவறு; நோயாளியை மிகவும் புண்படுத்துவதும் அதுவே. சிதைந்த நரம்பிழைகள் எவ்விதத் தூண்டலுமின்றித் தாமாகவே சமிக்ஞை அனுப்புகின்றன. அவற்றை ஏற்கும் தண்டுவடச் செல்களும் மிகைக்கூர்மை பெற்றுவிடுவதால், சட்டைத் துணி உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் வலிக்கிறது. இதற்கு நரம்பு வலிக்கான தனி மருந்துகள் தேவைப்படும். மூக்கின் நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உதட்டோரக் கொப்புளம் தரும் எளிய ஹெர்பிஸ் வைரஸும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அதன் முதல் வகை இருக்கிறது. அதற்கும் மறதி நோய்க்கும் தொடர்புண்டா என்பது ஆராயப்பட்டு வருகிறது என்பதற்காக, கொப்புளம் வந்தவரெல்லாம் நினைவிழப்பர் என்று அஞ்சுவது முறையன்று.

அஞ்ச வேண்டியது வேறொன்று. அந்த எளிய ஹெர்பிஸ் வைரஸ் அரிதாக மூளைக்குள் புகுந்து, நினைவுக்கும் மொழிக்கும் இடமான, நெற்றிப்பொட்டை ஒட்டிய மூளைப் பகுதியைத் தாக்குகிறது. காய்ச்சலோடு ஒருவர் திடீரென உளறினாலோ, வீட்டாரை அடையாளம் காணாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ, காற்றுச் சேட்டை என்று மந்திரிக்கக் கூட்டிச் செல்வதும், மனநோய் என்று முடிவு கட்டுவதும் உயிருக்கே ஆபத்தாகும். சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் இறந்துவிடுகின்றனர். தண்டுவட நீர்ப் பரிசோதனையின் முடிவு வரும்வரை காத்திராமல், ஐயம் எழுந்தவுடனேயே அசைக்ளோவிரை இரத்தக்குழாய் (சிரை) வழியாகச் செலுத்தத் தொடங்க வேண்டும். முதல் சில நாட்களில் அந்தப் பரிசோதனை தவறாக 'இல்லை' என்றும் காட்டலாம்.

பிழைத்தவர் சில வாரங்களில் மீண்டும் நடத்தை மாறினாலோ, குழந்தையானால் கைகால்கள் தாமாக நெளிந்தாலோ, வைரஸ் திரும்பிவிட்டது என்று மட்டும் கருதிவிடக் கூடாது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புச் செல்களுக்கு எதிராகத் திரும்புகிறது. பெரும்பாலும் இலக்காவது, செல்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்புகளில் சமிக்ஞையை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகள் எனும் புரதங்கள். எதிர்ப்பாற்றல் உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் அவற்றை இணைப்பிலிருந்து உள்ளிழுக்கச் செய்வதால், செல் உயிரோடிருந்தும் அதன் பேச்சு அடங்கிவிடுகிறது. இதற்கு வேண்டிய மருத்துவம் ஸ்டீராய்டு போன்று எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் என்பதால், தண்டுவட நீரில் வைரஸையும் எதிர்ப்பொருளையும் சேர்த்தே சோதிக்கும்படி கேட்க வேண்டும்.