புது ஹெட்லைட் மாட்டும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

கனடாவில் 1990 முதல் புதுக் கார்களுக்கு டிஆர்எல் எனும் பகல் விளக்கு கட்டாயம். அங்கே ஓடும் பல பழைய மாடல்களில் இதற்கென்று தனி விளக்கு கிடையாது. ஹை பீம் பல்பையே குறைந்த வோல்ட்டில் மங்கலாக எரியவிடுவார்கள். ஹாலஜன் பல்பு அதைத் தாங்கும். வெளியில் வாங்கி மாட்டும் எல்இடி அப்படியில்லை, மினுக்க ஆரம்பிக்கும். எச்ஐடி எனும் வாயு விளக்கு என்றால், அதைப் பற்றவைக்கும் பாலாஸ்ட் பெட்டி திரும்பத் திரும்பப் பற்றவைக்க முயன்று சீக்கிரமே போய்விடும். காசு தண்டம்.

அதனால் வாங்கும் முன்பே ஒரு சோதனை. கியரை பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, லைட் சுவிட்சை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். நிறைய கார்களில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் டிஆர்எல் எரியாது. இப்போது பல்பைக் கழற்றாமலே, கனெக்டரின் பின்பக்கம் வயர் நுழையும் இடத்தில் மல்டிமீட்டர் ஊசியை வையுங்கள். கழற்றிவிட்டு அளந்தால் அளவு தப்பாகக் காட்டலாம். 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 6, 7 என்று காட்டினால் அந்த வயரில் எல்இடியோ எச்ஐடியோ மாட்டாதீர்கள்.

டிஆர்எல் ஃபியூஸைப் பிடுங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், மழையிலும் பனியிலும் எதிரே வருபவருக்கு உங்கள் காரைக் காட்டுவதே அதுதான். தனி டிஆர்எல் விளக்கு ஒரு ஜோடி வாங்கி, பகல் வேலையை அதற்குக் கொடுங்கள். அப்புறம் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே எனும் மின்சுவிட்ச் இரண்டோடும் நேராக லைன் இழுக்கலாம்.