ஏற்காட்டுக்குப் புகை ஏறுமா? ஏர்மாட் ஓட்டும் முன் ஒரு கைக்கணக்கு

ஆலைப் புகை எங்கே, எவ்வளவு பரவும் என்று கணக்கிடும் கணினி நிரல் ஏர்மாட். அதற்கு வேண்டிய சிம்னியின் உயரம், விட்டம், புகையின் வெப்பம், வேகம், மாசின் அளவு எல்லாம் ஆலை தரும் தாளிலேயே இருக்கும். அவற்றை நிரலில் நிரப்ப அரை நாள் போதும். சேலத்தில் சிக்கல் மலைதான். ஊர் சுமார் 280 மீட்டர் உயரத்தில், ஏற்காடு 1500-ல். நேர்கோட்டில் நடுவே இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

ஆலைக்காரர்கள் முதலில் கேட்பது, ‘புகை ஏற்காட்டுக்குப் போகுமா சார்?’ என்றுதான். தெளிந்த இரவில் தரையை ஒட்டிக் குளிர்காற்று படிந்துவிடும். காற்றின் வேகத்தைப் பிரண்ட்-வைசாலா அதிர்வெண்ணால் (காற்று எவ்வளவு உறுதியாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது என்று காட்டும் எண்) வகுத்துப் பாருங்கள். நொடிக்கு 2 மீட்டர் காற்று, அதிர்வெண் 0.02 என்றால் விடை 100 மீட்டர். 1200 மீட்டர் எழும் மலையில் உச்சியிலிருந்து அந்த 100 மீட்டருக்குள் வரும் காற்றுதான் மலையைத் தாண்டும். 1100 மீட்டருக்குக் கீழே உள்ள புகை சரிவில் முட்டும், இல்லையென்றால் சுற்றிக்கொண்டு போகும். ஆக, இரவில் கவலைப்பட வேண்டியது அடிவாரத்து வீடுகளுக்கு. பகலில் வெயில் ஏறி, காற்று சரிவில் மேலே நகரும்போது கதை வேறு.

புகை மலையில் முட்டுவது, மலையேறிப் போவது என்ற இந்த இரண்டு போக்கையும் ஏர்மாட் எடைபோட்டுக் கலக்கிறது. அதற்கு வேண்டிய மலை உயரத்தை ஏர்மேப் என்ற துணை நிரல் எடுத்துத் தரும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: நிலவரைபடத்தை ஆலையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வெட்டிவிடுவார்கள். ஏர்மேப் பத்து சதவீதச் சரிவுக் கணக்கு (தூரத்தில் பத்தில் ஒரு பங்கு உயரம்) பார்ப்பதால், 1200 மீட்டர் மலை 12 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் உள்ளே வரவேண்டும். தாராளமாக வெட்டுங்கள். மாசின் அளவை நிரல் கணக்கிட வேண்டிய புள்ளிகளைச் சமவெளியில் 500 மீட்டருக்கு ஒன்று, புகை முட்டும் சரிவில் 100 மீட்டருக்கு ஒன்று வையுங்கள்.

அப்புறம் காற்று. காமலாபுரம் விமான நிலையம் திறந்த வெளி. அங்கே அளந்த காற்றை வைத்து, மலையடிவாரத்தில் உள்ள கோரிமேட்டுக்குப் பின்னால் விடியற்காலையில் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆலை வளாகத்திலேயே ஒரு கம்பம் நட்டு அளப்பது நல்லது. காற்றே இல்லாத மணி நேரங்களை ஏர்மாட் கணக்கில் சேர்ப்பதில்லை. மோசமான மணிகள் பெரும்பாலும் அவைதான். அவை நிறைய இருந்தால் கால்பஃப் என்ற இன்னொரு நிரலை ஓட்டுங்கள். பள்ளத்தாக்கில் வளையும் காற்றையும் அது பார்க்கும்.

சிம்னி உயரத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சூத்திரம் ஒன்று உண்டு: மணிக்கு வெளியாகும் கந்தக டையாக்சைடு கிலோவின் 0.3 அடுக்கை 14-ஆல் பெருக்கவேண்டும். 50 கிலோவுக்கு 45 மீட்டர் வரும். அந்தச் சூத்திரத்துக்கு மலை தெரியாது.

கடைசியில் பிஎம்10-க்கான (10 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசி) 24 மணி நேர வரம்பான கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமோடு ஒப்பிடும்போது, மேக்னசைட் சுரங்கத்து லாரித் தூசியை அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஆண்டுச் சராசரிப் படம் மட்டும் போதும் என்பார்கள். இரவு மணிகளைத் தனியாக ஓட்டிய படத்தையும் அறிக்கையில் சேருங்கள்.