டோக்கியோவில் முதல் ஞாயிறு: தம்பதியருக்கு ஒரு நாள் வழி

ஒருவர் வேலை விசாவிலும் மற்றவர் குடும்ப விசாவிலுமாக ஜப்பானுக்கு வந்து சேரும் தம்பதியர், முதல் ஞாயிற்றுக்கிழமையை வெறும் ஊர்சுற்றலாகக் கழித்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மறுநாள் ஒருவர் அலுவலகம் போய்விடுவார்; வீட்டில் தனித்திருப்பவருக்கு அந்த ஒரு நாளில் பழகிய ரயிலும் தெருவும்தான் துணை. ஆகவே அன்று பலகை படிப்பதையும் வழி கேட்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். இந்தியர் பலர் வசிக்கும் நிஷி-கசாயிலிருந்து நீங்கள் புறப்படுவதாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கிளம்பும்போது இருவரும் வசிப்பிட அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். சுயிகா அல்லது பாஸ்மோ பயண அட்டையும் ஆளுக்கொன்று வேண்டும், ஏனெனில் ஒரே அட்டையைத் தட்டி இருவர் ஒன்றாகப் பயணம் செய்ய முடியாது.

தோசாய் என்னும் சுரங்க ரயில் தடத்தில் நிஹொம்பாஷி சென்று, அங்கே கின்சா தடத்துக்கு மாறினால், கடைசி நிலையம் அசாகுசா. கின்சா தடத்தின் உயெனோ–அசாகுசா பகுதி 1927இல் திறக்கப்பட்டது; ஆசியாவின் பழமையான சுரங்க ரயில் பாதைகளுள் அதுவும் ஒன்று. சென்சோஜி கோயிலுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. சுமிதா ஆற்றில் வலை வீசிய மீனவச் சகோதரர் இருவருக்கு 628ஆம் ஆண்டில் கருணையின் வடிவாகப் பௌத்தர்கள் வணங்கும் கன்னோனின் சிலை கிடைத்ததாக அக்கோயிலின் தலவரலாறு கூறுகிறது. 1945 மார்ச் மாத வான்தாக்குதலில் எரிந்துபோன பெரிய மண்டபத்தை 1958இல் மீண்டும் கட்டி முடித்தார்கள்.

அங்கே 100 யென் காணிக்கை செலுத்திக் குறி பார்க்கலாம். உலோகக் குடுவையைக் குலுக்கினால் சிறு துளை வழியே மெல்லிய குச்சி ஒன்று வெளிவரும். அதில் சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் படித்து, அதே எண்ணுள்ள இழுப்பறையைத் திறந்து தாளை எடுக்க வேண்டும். ஜப்பானிய எண்களைப் படித்துப் பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கெட்ட பலன் வந்திருந்தால் அருகிலுள்ள கம்பியில் தாளைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

உணவில் சைவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சி இல்லை என்று சொல்லித் தரும் நூடுல்ஸிலும் பெரும்பாலும் மீன் வற்றலில் இறக்கிய 'தாஷி' என்னும் சாறு இருக்கும். ஆகையால் இந்த முதல் ஞாயிறன்று வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்; தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால் ஒரு காலிப் பையும் உடன் இருக்கட்டும்.

அசாகுசா படகுத்துறையிலிருந்து சுமிதா ஆற்றில் பத்துக்கும் மேற்பட்ட பாலங்களைக் கடந்து ஹமாரிக்யூ தோட்டத்துக்குச் செல்லலாம். எல்லாப் படகுகளும் அங்கே நிற்பதில்லை. சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானை முன்பு ஆண்ட படைத்தலைவர்களான தொகுகாவா ஷோகன்களுக்கு உரியதாக இருந்த அத்தோட்டத்தின் குளத்தில் கடல்நீரே நிறைந்திருக்கிறது. மதகு வழியே நீர் ஏறவும் இறங்கவும் செய்வதால் காலையில் கண்ட கரை மாலையில் இருப்பதில்லை. குளத்தின் நடுவேயுள்ள தேநீர் இல்லத்தில் 'மாச்சா' என்னும் பச்சைத் தேநீர் அருந்தியபடி சிறிது நேரம் அமர்ந்திருங்கள்.

அருகிலுள்ள ஷியோதோமேயில் ஓயெதோ தடத்தில் ஏறினால் மாறாமலே தோசோமாயே வரை போகலாம். அங்குள்ள டோக்கியோ பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்சிக்கூடத்துக்குக் கட்டணமே கிடையாது. அஸ்தமனத்துக்கு அரைமணி முன்னதாக வரிசையில் நின்றுவிடுங்கள். வானம் தெளிந்த குளிர்கால மாலையாக இருந்தால் மேற்கே ஃபுஜி மலையின் கரிய வடிவம் தெரியும்.

திரும்பும்போது பக்கத்திலுள்ள ஷின்ஜுகு நிலையத்திலிருந்து குதான்ஷிதா வந்து தோசாய் தடத்துக்கு மாற வேண்டும். இங்கேதான் நாங்கள் முதல் மாதத்தில் தவறினோம். 'கைசொகு' என்னும் விரைவு ரயில் தோயோசோவை விட்டால் அடுத்து உரயாசுவில்தான் நிற்கும். இடையிலுள்ள நிஷி-கசாய் நிலையத்தின் விளக்குகள் சன்னலுக்கு வெளியே ஓடி மறைவதைப் பார்த்தபடி நின்றிருந்தோம். பலகையில் வண்டியின் வகையைப் படித்துவிட்டு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள். அன்றும் அந்தப் பலகையை, மறுநாள் தனியே இருக்கப்போகிறவரே படிக்கட்டும்.