சோபா ஏன் மிதக்கிறது? வீட்டில் ஏஆர் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவில் தெரியும் நிஜ அறையில் இல்லாத பொருளை இருப்பதுபோலக் காட்டுவதுதான் ஏஆர். வாங்கப்போகும் சோபாவை ஏஆர் செயலியில் ஹாலில் வைத்துப் பார்த்தால் தரைக்கு அரையடி மேலே நிற்கிறது. நாம் நகர்ந்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. உடனே போனைக் குறை சொல்லாதீர்கள். முதலில் அறையைப் பாருங்கள்.

ஏஆர் செயலிகளை இயக்கும் மென்பொருள்களான கூகுளின் ஏஆர்கோர், ஆப்பிளின் ஏஆர்கிட் இரண்டுமே கேமராவில் தெரியும் மூலை, கறை, மரக்கோடு போன்ற புள்ளிகளைப் பிடித்து, போனுக்குள் இருக்கும் அசைவுணரியோடு சேர்த்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. பளபளக்கும் வெள்ளை டைல்ஸில் பிடிக்கப் புள்ளியே கிடைக்காது. போதாக்குறைக்கு, அதில் தெரியும் டியூப்லைட் பிம்பம் தரைக்கு அடியில் கிடக்கும் பொருளாகவே கணக்கில் ஏறும். பழைய மொசைக் தரையில் இந்தத் தொல்லை குறைவு. சில்லுக்குச் சில்லு வடிவம் மாறுகிறது. ஆனால் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரை ஏமாற்றும். எல்லாக் கட்டமும் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளும்.

நாலைந்து செய்தித்தாள்களைக் கோணல்மாணலாக விரித்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். எழுத்தும் படமுமாகப் புள்ளிகள் நிறையக் கிடைக்கும். பார்த்து முடிக்கும்வரை தாள்களை எடுக்கவோ நகர்த்தவோ கூடாது. வெறும் சுவரில் படம் மாட்டிப் பார்ப்பதென்றால் பக்கத்தில் ஒரு காலண்டரைத் தொங்கவிடுங்கள்.

நின்ற இடத்திலேயே போனைச் சுழற்றுவது பலரும் செய்யும் தவறு. பார்வைக் கோணம் மாறினால்தான் தூரம் தெரியும். பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி மெதுவாக நடக்க வேண்டும். அதற்கு டீப்பாயை ஓரங்கட்டுங்கள், திரையைப் பார்த்தபடி நடப்பவர் காலில் முதலில் இடிப்பது அதுதான்.

இரவில் ஒற்றை விளக்கில் பார்த்தால் படம் கலங்கும், புள்ளிகள் மறையும். பகலில் ஜன்னலைப் பார்த்தபடி நின்றால் தரை இருட்டாகிவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். தரையில் மின்விசிறியின் நிழல் சுற்றினாலோ திரைச்சீலை ஆடினாலோ விசிறியை நிறுத்திவிடுங்கள்.

2020இல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் ப்ரோ மாடல்களில், ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடார் உணரி இருக்கிறது. சுமார் 5 மீட்டர்வரை இருட்டிலும் வெறும் சுவரிலும் கைகொடுக்கும். கண்ணாடிக் கதவு அதையும் ஏமாற்றும், ஒளி ஊடுருவிப் போய்விடும். நிலைக்கண்ணாடி இருந்தால் பெட்ஷீட் போட்டு மூடுங்கள்.

ஆர்டர் போடும் முன், சோபா 7 அடி என்றால் தரையில் 7 அடி அளந்து இரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். திரையில் தெரியும் சோபா அந்த இரண்டு முனைகளுக்குள் பொருந்தாமல் இரண்டு மூன்று அங்குலம் விலகினால், செயலியை மூடித் திறந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.