நிதி கேட்கும் முன்பே செய்துவிடும் தவறுகள்: ஊர்ச் சங்கங்களுக்கும் சிறு அறக்கட்டளைகளுக்கும்

எங்கள் பக்கத்து ஊரில் பத்து இளைஞர்கள் சேர்ந்து ஏரிக்கரையில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்டி, வரத்துக்கால்வாயைத் தூர்வாரினார்கள். இரண்டு கோடை, ஒரு ஞாயிறு விடாமல் வேலை. மூன்றாவது வருடம் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, "மதகைச் சரிசெய்யப் பணம் தருகிறோம், உங்கள் அமைப்பின் ஆவணங்களை அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அனுப்புவதற்கு எதுவும் இல்லை. பதிவு இல்லை. பான் எண் இல்லை. அதுவரை வசூலான பணம் குழுவில் இருந்த ஒரு தம்பியின் சேமிப்புக் கணக்கில் இருந்தது. அவர்களுக்காக அலைந்து ஆவணம் சேர்த்தவர்களில் நானும் ஒருவன். நாங்கள் முடிப்பதற்குள் மார்ச் 31 வந்துவிட்டது. அந்த வருடத்துப் பணம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு பல சிறு அமைப்புகளின் விண்ணப்பங்களைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் சரியில்லை, எழுத்து நடை சரியில்லை என்பதற்காகப் பணம் நின்றுபோனதை நான் பார்த்ததில்லை. நின்றதெல்லாம் விண்ணப்பம் எழுதுவதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு செய்யாமல் விட்ட வேலையால். இல்லையென்றால், பணம் வந்த பிறகு செய்த தவறால். ஆனால் எல்லோரும் என்னிடம் கேட்பது "விண்ணப்பம் எப்படி எழுதுவது?" என்பதைத்தான்.

பொதுப் பணம், ஒருவர் கணக்கு

இப்போது எல்லாக் குழுக்களிலும் நடப்பது இதுதான். வாட்ஸ்அப்பில் ஒருவருடைய கூகுள் பே எண்ணைப் போட்டு வசூல் தொடங்கிவிடும். அந்த ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், வங்கியின் பார்வையில் அது அவர் பணம். வருமான வரி நோட்டீஸ் வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் அவர் வாரிசுகளுக்குப் போகும். நிதி தருகிறவரோ அந்தக் கணக்கை உங்கள் அமைப்பின் வரலாறாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று வருடம் உழைத்தும் காகிதத்தில் நீங்கள் இல்லை.

ஆறேழு பேருக்கு மேல் சேர்ந்து தொடர்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் பதிவு செய்துவிடுங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிய வேண்டும். ஊர்க் குழுக்களுக்கு நான் சங்கத்தையே சொல்வேன். அதில் பொதுக்குழு கூடும், தேர்தல் நடக்கும், கணக்கை எல்லோர் முன்னாலும் வைத்தாக வேண்டும். அறக்கட்டளையில் அறங்காவலர்களுக்குள் மனக்கசப்பு வந்தால், ஊரே சேர்ந்து கட்டியது இரண்டு மூன்று பேர் கையில் மாட்டிக்கொள்ளும்.

பத்திரத்தையோ பைலாவையோ (சங்கத்தின் விதிமுறைகள்) இன்னொரு அமைப்பிடம் வாங்கி அப்படியே நகல் எடுக்காதீர்கள். அதில் நோக்கங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். கல்வியும் மருத்துவமும் மட்டும் எழுதியிருக்கும் பத்திரத்தை வைத்துக்கொண்டு நீர்நிலைப் பணிக்கு நிதி கேட்டால், முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம் திருத்தப் பத்திரத்துக்கு அலைய வேண்டும். இன்னொன்று, சங்கத்தைப் பதிந்ததோடு வேலை முடியவில்லை. வருடா வருடம் பொதுக்குழுவைக் கூட்டி, உறுப்பினர் பட்டியலையும் வரவு செலவுக் கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஐந்தாறு வருடம் தாக்கல் செய்யாத சங்கம் நிதி கிடைக்கும் நேரத்தில் அபராதம் கட்டிக்கொண்டு நிற்கும். மினிட்ஸ் புத்தகத்தையும் கூட்டம் நடந்த அன்றே எழுதிவிடுங்கள். பிறகு உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும்.

12ஏ, 80ஜி

புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும், ஆடிட்டர் அலுவலகங்களில் இந்தப் பெயர்கள்தான் புழங்குகின்றன. 12ஏ பதிவு அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு தருகிறது. 80ஜி பதிவு நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தருகிறது. "எங்களுக்கு எப்போதோ 12ஏ வாங்கியாச்சு" என்று பல அமைப்புகள் நிம்மதியாக இருக்கின்றன. 2021 ஏப்ரலில் முறை மாறியது. பழைய நிரந்தரப் பதிவு போய், காலக்கெடுவோடு கூடிய பதிவு வந்தது. புதியவர்களுக்கு மூன்று வருடத் தற்காலிகப் பதிவும், அதற்கடுத்து ஐந்து வருடப் பதிவும் கிடைக்கும். சிறிய அமைப்புகளுக்கு இந்த ஐந்து, பத்து வருடமாக நீளும் என்று 2025-ல் சலுகை வந்தது. 2021-ல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தவர்களின் பதிவு 2026 மார்ச் 31 வரைதான். காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் அமைப்பின் சொத்து மதிப்புக்கே வரி போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இன்றே சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

80ஜி ரசீது கொடுப்பவர்கள், யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தை ஒவ்வொரு மே 31-க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைவிடப் பெரிய நஷ்டம், அந்தத் தாக்கல் இல்லாமல் கொடுத்தவருக்குச் சலுகை கிடைக்காது. அவர் அடுத்த வருடம் உங்கள் போனை எடுக்க மாட்டார். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடையாது என்பதையும் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

சி.எஸ்.ஆர். பணம்

நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய். இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. இதைத்தான் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) என்கிறோம். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆலைதான் நீங்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு. பலர் அதை விட்டுவிட்டு மும்பையில் தலைமையகம் உள்ள நிறுவனங்களுக்கு நூறு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள்.

வெளி அமைப்பு மூலம் செலவு செய்வதென்றால், அந்த அமைப்பு 12ஏ, 80ஜி வைத்திருக்க வேண்டும், அதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும், சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்துக்குத் தணிக்கை செய்த கணக்கைக் கேட்பார்கள். நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் வரவு செலவு என்றாலும் வருடா வருடம் ஆடிட்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருங்கள். இல்லாத வருடத்தைப் பின்னால் போய் உண்டாக்க முடியாது.

நேரமும் முக்கியம். நிறுவனங்கள் வருடாந்திரச் செயல்திட்டத்தை நிதியாண்டின் தொடக்கத்தில் போடுகின்றன. பிப்ரவரியில் போய் நின்றால் மிச்சம் மீதிக்குத்தான் காத்திருக்க வேண்டும். மாரத்தான் ஓட்டம், விருது விழா போன்ற ஒரு நாள் நிகழ்ச்சிகளுக்குச் செய்யும் செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று 2014-லேயே மத்திய அரசு தெளிவுபடுத்திவிட்டது. அப்படியிருந்தும் விழா மேடைக்குப் பணம் கேட்டு இன்னமும் கடிதம் எழுதுகிறார்கள்.

அடுத்தது இடைத்தரகர்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "ஒரு கோடி ரூபாய் சி.எஸ்.ஆர். வாங்கித் தருகிறேன், செலவுக்கு முதலில் இரண்டு லட்சம் கட்டுங்கள்" என்று வருபவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். அவர் அந்த இரண்டு லட்சத்தோடு காணாமல் போவார். அதைவிட ஆபத்தானவர் இன்னொருவர் இருக்கிறார். "பணம் உங்கள் கணக்குக்கு வரும், பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மீதியில் நல்லது செய்யுங்கள்" என்பார். அது நன்கொடையே இல்லை, கறுப்புப் பண வேலை. நாளைக்கு விசாரணை வந்தால் காசோலையில் கையெழுத்துப் போட்ட உங்கள் தலைவரும் பொருளாளரும்தான் போய் நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு மாலை வகுப்பு நடத்த வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படிப்பட்ட பேச்சை நம்பிக் கையெழுத்துப் போடும் நிலைக்கு வந்ததை அருகில் இருந்து பார்த்தேன். அவர் வீட்டில் உட்கார்ந்து இரவு பத்து மணி வரை பேசித்தான் நிறுத்த முடிந்தது.

வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஊர்க்காரர்

இது தெரியாமல் செய்யும் தவறு. ஊரில் பிறந்து துபாயில் வேலை பார்க்கும் அண்ணன், இந்தியக் குடிமகனாக இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வாங்கலாம். அதே ஊரில் பிறந்து சிங்கப்பூரிலோ கனடாவிலோ குடியுரிமை வாங்கிவிட்ட பெரியப்பா, ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். அவர் திருவிழாவுக்கு ஊருக்கு வந்து இந்திய ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவரும் புரிந்துகொள்வார்.

அந்தப் பதிவுக்கு மூன்று வருட இயக்கமும், அந்த மூன்று வருடத்தில் நோக்கத்துக்காகச் செலவிட்ட 15 லட்சம் ரூபாயும் வேண்டும். பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். "பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று வாங்கி நமக்குப் பிரித்துத் தரும்" என்ற பழைய வழியை 2020 செப்டம்பர் திருத்தம் அடைத்துவிட்டது. இந்த நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பெரும்பாலான ஊர்ச் சங்கங்களுக்கு இந்த வழி இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

பணம் சங்கத்தின் கணக்குக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் ஊர் மக்கள் தங்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு போடும். அரசுப் பள்ளிக்கு என்றால் 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் இருக்கிறது. மத்திய அரசின் மானியம் கேட்பவர்கள் தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்ஜிஓ தர்பன் இணையதளத்தில் பதிந்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தில்

"தங்களால் இயன்றதை" என்று கேட்காதீர்கள். எத்தனை பேருக்கு, எந்தத் தெருவில், எத்தனை மாதத்தில், எவ்வளவு ரூபாயில் என்று எழுதுங்கள். ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாகப் போட்ட பட்ஜெட்டை யாரும் நம்புவதில்லை. கொட்டேஷன் வாங்கி 4,37,500 என்று போட்டால் கடையில் போய் விசாரித்திருக்கிறீர்கள் என்று தெரியும். கணக்கு எழுதுபவர் சம்பளம், ஆட்டோ வாடகை, தணிக்கைக் கட்டணம் எல்லாவற்றையும் மறைக்காமல் சேருங்கள். சி.எஸ்.ஆரில் நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான் என்று சொல்லி மடக்குவார்கள். அந்த வரம்பு நிறுவனம் தன் சொந்த நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் வராது. இதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

ஏரி, குளம் என்றால் அனுமதிக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்காதீர்கள். நூறு ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டது நீர்வளத்துறையின் பொறுப்பு. தப்பான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்களைத் தெரியும்.

பணம் வந்த பிறகு

மத்திய அரசின் மானியத்துக்கு, நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் எதற்காக வந்ததோ அதற்கே செலவானது என்ற சான்று) கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த தவணை வராது. மானியம் வங்கியில் கிடக்கும்போது சேரும் வட்டியும் உங்களுடையது அல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய கணினியையோ வண்டியையோ அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அரசு, நிறுவனம் யார் தந்தாலும், ஒரு தலைப்பில் வந்ததை இன்னொரு தலைப்பில் செலவு செய்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். நல்ல மனிதர்களே செய்யும் தவறு இது. செடிக்கு வந்த பணத்தில் பள்ளிக்குக் கதவு போடுவார்கள். கதவு தேவைதான், ஆனால் தணிக்கையில் அது முறைகேடு என்றுதான் பதிவாகும். எனக்குத் தெரிந்த ஒரு மகளிர் குழுவுக்கு, மரக்கன்று நடும் வேலையில் குழி தோண்டும் கூலி குறைந்து 38,000 ரூபாய் மிஞ்சியது. ஆட்டிலிருந்து கன்றுகளைக் காப்பாற்ற வேலி போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. போடுவதற்கு முன் நிதி தந்தவருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பி, வேலிக்கான கொட்டேஷனையும் இணைத்தார்கள். ஐந்தாம் நாள் "சரி, செய்யுங்கள்" என்று பதில் வந்தது. அதை அச்சடித்துக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் கம்பி வாங்கப் போனார்கள்.