பழைய நூலைத் தட்டச்சு செய்யும்போது நிறுத்தக்குறிகளை என்ன செய்வது?

எண்பது, நூறு ஆண்டுக்கு முந்தைய உரைநடை நூலை மறுபதிப்புக்குத் தட்டச்சு செய்பவர்கள் முதலில் எழுத்து வடிவத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது வீண் கவலை. 1978இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என 13 எழுத்துகளே மாறின. யூனிகோடில் பழைய 'லை'க்குத் தனிக் குறியீடு கிடையாது. வழக்கம்போல் அடித்தால் போதும், வடிவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் நிறுத்தக்குறியில்தான். ஓலைச்சுவடியில் இல்லாத இக்குறிகளை உரைநடை அச்சில் நிலைபெறச் செய்தவர்களில் ஆறுமுக நாவலர் (1822–1879) முக்கியமானவர். அவற்றை இடும் வழக்கம் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்திருக்கிறது.

முதல் சுற்றில் எதையும் திருத்தாதீர்கள். உள்ளதை உள்ளபடி அடித்து, அந்தக் கோப்பைத் தனியே வைத்துவிட்டு, நகலில் கை வையுங்கள். அடித்துக்கொண்டே திருத்தினால் முதல் அத்தியாயத்தில் நீக்கிய காற்புள்ளி பத்தாம் அத்தியாயத்தில் நிற்கும். ஆசிரியர் இட்டது எது, நாம் இட்டது எது என்று பிறகு பிரிக்க முடியாது.

நகலில் யோசிக்காமல் மாற்றக்கூடியவை சில: தலைப்பின் இறுதியில் நிற்கும் முற்றுப்புள்ளி, ; ? ! ஆகியவற்றுக்கு முன் விட்ட இடைவெளி, 'அவையாவன:—' என்பதில் முக்காற்புள்ளியோடு ஒட்டிய கோடு.

காற்புள்ளிக்கு நிதானம் வேண்டும். 'அவன், வீட்டிற்கு வந்து, கை கால் கழுவி, உணவுண்டு, உறங்கினான்' என்பதில் நான்கையும் எடுத்தாலும் பொருள் கெடாது. ஆனால் 'அவன், அழுதுகொண்டே ஓடிய பிள்ளையைப் பிடித்தான்' என்பதில் அழுதது பிள்ளை. காற்புள்ளியை 'அழுதுகொண்டே'க்குப் பின் நகர்த்தினால் அழுதது அவன். எடுத்துவிட்டாலோ யார் அழுதார் என்றே தெரியாது. எனவே வினையெச்சத்தை அடுத்துப் பெயரெச்சம் வரும் வாக்கியங்களில் காற்புள்ளியைத் தொடாதீர்கள். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை இங்கே மறந்துவிடுவது நல்லது.

அரைப்புள்ளியை முற்றுப்புள்ளியாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுவாய் மாறி, அடுத்த பகுதி 'ஆயினும்', 'ஆதலால்' என்று தொடங்கினால் மட்டும் செய்யலாம். ஒரே அமைப்பில் அடுக்கிய வாக்கியங்களை நறுக்கினால் நடை தந்தி வாசகமாகிவிடும்.

'நண்பர்களே!' என்பதிலுள்ள குறி கூச்சல் அல்ல, விளி. வாட்சப்பில் வளர்ந்த மெய்ப்புப் பார்ப்பவர் அதை ஆவேசம் என்று நினைத்து நீக்குவார், விடாதீர்கள். உரைநூல்களில் வரும் 'இ-ள்' (இதன் பொருள்), 'எ-று' (என்றவாறு) ஆகியவற்றின் இடைக்கோடும் அப்படியே நிற்க வேண்டும். வரி முடிவில் இவை உடையாதிருக்க, உடையா இடைக்கோட்டை (யூனிகோடு எண் U+2011) இடுங்கள். சில எழுத்துருக்களில் அது இருக்காது. ஒரு பக்கம் அச்செடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓசிஆர் (பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் மென்பொருள்) வழியாக வந்த கோப்பென்றால் இன்னொரு சுற்று உண்டு. பல பழைய அச்சுகளில் ர என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ் எண் ௧ 'க' ஆகவும், ௭ 'எ' ஆகவும் விழும். 'ஔ' இரண்டாகப் பிரிந்து ஒ, ள என நிற்கும். ௵ (வருடம்), ௴ (மாதம்), ௳ (நாள்) ஆகிய குறிகளை ஓசிஆர் பெரும்பாலும் கோட்டைவிடும். தேதி வரும் இடங்களை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள். எந்தெந்தக் குறிகளை மாற்றினீர்கள் என்பதைப் பதிப்புரையில் நான்கு வரியில் எழுதிவிடுங்கள்.